கூடாரத்துக்கு ஒரு வடிகால்

வீட்டில் புருஷனோடு தனியாக நாலு வார்த்தை பேச முடியாது என்பதால்தான் மேகலா கொல்லிமலைக்குக் கிளம்பினாள். தமிழரசன் கத்தாரிலிருந்து லீவில் வந்தால் போதும், ஒரத்தநாட்டு வீடு சத்திரமாகிவிடும். சென்ட் பாட்டில் கேட்டு வருகிறவர்கள், விசா கேட்டு வருகிறவர்கள், சும்மா வருகிறவர்கள். திங்கட்கிழமை அவன் ஏஜென்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திரும்பப் போகிறானா, இல்லையா? போகக் கூடாது என்று மேகலா முடிவு செய்து வெகுநாளாகிவிட்டது. அதை அவனிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"மலையில டென்ட் போட்டுத் தங்கலாங்க. அங்க யாரும் வரமாட்டாங்க," என்றாள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள்.

வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து காட்டுப்பாதையில் ஏறி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் மீரா உசேன் டீ கொடுத்தபடி விசாரித்தார்.

"சாருக்கு என்ன வேலைங்க?"

"கத்தார்ல சூப்பர்வைசர்."

"மேடம்?"

"அவங்க வீட்டுலதான்," என்றான் தமிழரசன்.

மேகலாவுக்குச் சுருக்கென்றது. குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத் திரும்ப வாங்கி, நடவுக்கு ஆள் தேடி அலைந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடந்ததெல்லாம் வீட்டிலா நடந்தது? டீயை ஊதிக் குடித்தாள். வந்த காரியம் வேறு, அதைச் சண்டை போட்டுக் கெடுத்துக்கொள்ள அவள் தயாரில்லை.

முகாமுக்கு வந்திருந்த மற்றவர்கள் மேட்டில் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு டென்ட் போட்டிருந்தார்கள். இவர்கள் இருவர் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. களத்துமேடு மாதிரி மட்டமாக, புல் படர்ந்த இடம். டெல்டாக்காரர்களுக்குச் சமதரையைக் கண்டால் வேறெதுவும் பார்க்கத் தோன்றாது. அதற்குப் பின்னால் ஒரு மலைச்சரிவே நிற்பதை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊரில் மழை மேலேயிருந்து பெய்யும், அவ்வளவுதான். இங்கே சரிவிலிருந்தும் ஓடி வந்தது. டென்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து, பாய் மெல்ல மிதக்கப் பார்த்தது.

"எல்லாரும் ஷெட்டுக்கு வந்துடுங்க!" என்று மீரா உசேன் கத்தினார். ஷெட்டில் ஏற்கெனவே ஒரு கல்லூரிக் கும்பல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

தமிழரசன் பையைத் தூக்கினான்.

"நான் வரல," என்றாள் மேகலா. "அங்கயும் சத்திரம்தான்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தான். பக்கத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி, மேட்டுப்பக்கம் அணை கட்டத் தொடங்கினான். தண்ணீர் அதன் பின்னால் தேங்கி உயர்ந்தது. அதற்குள் மேகலா சமையல் கொட்டகையிலிருந்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கட்டாதீங்க! பிச்சுக்கிட்டு உள்ள வந்துடும். வெட்டி விடணும்!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டென்டைச் சுற்றி வளைத்து வாய்க்கால் இழுத்தாள். அவள் வெட்ட, அவன் மண்ணைக் கையால் அள்ளி ஓரம் அணைத்தான். பாதியில் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். முதல் வெட்டு கல்லில் பட்டுத் தெறித்தது. அப்புறம் கைக்கு வந்துவிட்டது.

ஒரு வாரமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு நயமாகத் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பைத் தொட்டு, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவது. அந்த மழையில் நயமெல்லாம் காதில் விழாது.

"திங்கக்கிழமை ஏஜென்டுக்கு வரலன்னு சொல்லிடுங்க!" என்று கத்தினாள்.

"என்னது?"

"போகாதீங்கன்னு சொல்றேன்! நீங்க இல்லாம இருந்து இருந்து எனக்குப் போதும்னு ஆயிடுச்சு!"

மண்வெட்டி நின்றது.

"இருந்து என்ன செய்வேன் மேகலா? எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. வயல்ல எறங்குனா உன் பின்னாடி நிக்கிற ஆளுதான் நான்."

"நில்லுங்களேன். அதுல என்ன கொறஞ்சு போயிடும்?"

அவன் குனிந்து வாய்க்காலின் கடைசித் துண்டை வெட்டிவிட்டான். தேங்கி நின்ற தண்ணீர் குபுகுபுவென்று பள்ளத்தைப் பார்த்து ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றான். மேகலா மறுபடி கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவன்பாடு. உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டு, பாயைத் திருப்பிப் போட்டு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் மழை விட்டிருந்தது. டீயோடு வந்த மீரா உசேன் வாய்க்காலைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"மழைத்தண்ணிய இப்படித் திருப்பி விட்டிருக்கீங்களே! கத்தார்ல இந்த வேலைதான் பாத்தீங்களா சார்?"

தமிழரசன் டீயை வாங்கி முதலில் மேகலாவிடம் நீட்டினான்.

"இல்லைங்க. ஒரத்தநாட்டுல விவசாயம். இவங்கதான் பாத்துக்கிட்டிருக்காங்க," என்றான். "நான் இப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்கேன்."