கை நிற்காத பாக்கெட்

1

இந்தக் கதையை ஒரு குண்டுப் பிள்ளையைப் பற்றித்தான் எழுத ஆரம்பித்தேன். முதல் வரி: ‘வாயைக் கட்டத் தெரியாத சந்தியா...’

அதோடு நிறுத்திவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைமேல் பழியைப் போட எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் தின்ற தீனியைச் செய்தவளிடம் போகிறேன்.

2

நித்யா ஏனாத்தூர்க்காரி. நொறுக்குத்தீனி கம்பெனி ஒன்றில் ருசி பார்க்கும் பிரிவில் அதிகாரி. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் எந்த அளவில் சேர்ந்தால் பாக்கெட் காலியாகும்வரை கை நிற்காது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் கெட்டிக்காரி.

(இவளைக் கெட்டவளாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் தன் வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.)

தாமலில் ஒரு பள்ளி வாசலில் புதுத் தீனியை இலவசமாகக் கொடுக்கப் போனாள். நித்யா முன்பு செய்த தீனியின் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி சந்தியா ஓடிவந்தாள். பத்தடிக்கே மூச்சு வாங்கியது.

“அக்கா, நீங்கதான் இத்த செஞ்சீங்களா? காலைல இட்லிகூட வேணாம், இதான் துன்னுவேன்!”

பின்னாலேயே அவள் அம்மா கலையரசி வந்தாள். “ஈரல்ல கொழுப்பு இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. சத்துன்னு டிவில சொன்னாங்களேன்னு நாந்தான் வாங்கிக் குடுத்துக்கினு இருந்தேன்.”

[இங்கே நித்யாவை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, வெட்கப்பட்டாள்.]

3

மறுநாள் மேலாளர் அஜித் ஒரு தாளை நீட்டினார். புதுப் பாக்கெட்டில் ‘வளரும் பிள்ளைகளுக்குச் சத்து’ என்று அச்சடிக்க அவள் கையெழுத்து வேண்டும்.

“இதுல சத்து எங்க சார் இருக்குது?”

“ஒரு சிட்டிகை வைட்டமின் போட்டிருக்கோம்ல? பிள்ளைங்க குண்டாவறதுக்கு அப்பா அம்மாதாம்மா பொறுப்பு.”

“கை நிக்காத மாதிரி செய்யறது நான். பொறுப்பு மட்டும் அவங்களுதா?”

தாளை வாங்கி எழுதினாள்: ‘இது சத்து இல்லை. நிறுத்த முடியாதபடி செய்த தீனி. செய்தது நான்.’

(ஒரு முடிவில் அவள் வேலை போகிறது. இன்னொன்றில் கம்பெனி ‘சத்து’ என்ற வரியைக் கைவிடுகிறது. மூன்றாவதில் அஜித்... வேண்டாம். அன்று சாயங்காலம் வரைதான் எனக்குத் தெரியும்.)

4

வீட்டில் அப்பா தர்மதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“கையெழுத்துப் போடாம வந்துட்டியாம்மா?”

“போட்டேம்பா. நான் எழுதினதுக்குக் கீழ.”

அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

“எங்கப்பா கிளம்பிட்ட?”

“நீ எழுதினத நாலு பேருகிட்ட சொல்ல வேணாமா?”

நாளைக் காலையில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் தர்மதாஸோடு தெருவுக்குப் போகிறேன்.