பச்சை விளக்கு எரிவதற்குள்

என்னை ஆபீசில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்க்கும் கைக்கும் சேர்த்து வைத்த பேர் அது. அடுத்தவர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவேன். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு திக்க ஆரம்பித்த பிறகு, அவனுக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன். அண்ணி முறைப்பாள். "அவரு சொல்ல வர்றதுக்குள்ள நீ ஏன்டி முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிற?" என்பாள்.

எனக்கும் அவனுக்கும் ஒரே ஆபீசில், கம்ப்யூட்டர் பிரிவில்தான் வேலை. நீண்ட லீவு முடிந்து அன்று அவன் திரும்பி வந்தான். மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒரு புதுக் கம்ப்யூட்டரில் அண்ணனே தனியாக ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் பழைய நாற்காலி அவனுக்கே. இல்லையென்றால் அன்றோடு வேலை முடிந்தது. நான் கதவருகே நிற்கலாம். வாயைத் திறக்கக் கூடாது, கீபோர்டைத் தொடக் கூடாது.

காலையில் அண்ணி அவனுடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பொத்தான்களை அவனே போட்டுக்கொண்டான், இடது கையால். அதற்காக நாங்கள் ஒரு பஸ்ஸை விட்டோம்.

ஆபீசில், ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடும் இன்ஸ்டாலர் இருந்த பென்டிரைவைச் செருகினான். மொழி, கீபோர்டு எல்லாம் நிதானமாகத் தேர்ந்தெடுத்தான். மேனேஜர்கூடத் தலையாட்டினார். அடுத்தது நெட்வொர்க். மீதி ஃபைல்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். இணைப்பைத் தேடுகிறேன் என்றது திரை. கண்ணை மூடித் திறப்பதற்குள் இணைப்பு இல்லை, கேபிளைப் பாருங்கள் என்று கையை விரித்துவிட்டது.

என் கை பரபரத்தது. கேபிள்தான் போயிருக்கும், என் பையில் புதுசு இருக்கிறது, மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அண்ணன் அதே கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகினான். மறுபடி தேடச் சொன்னான். மறுபடியும் இல்லை. அதற்குப் பிறகு அவன் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். சுவரில் மாட்டியிருந்த ஸ்விட்சையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். ஆபீசின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி அது. அவன் லீவில் இருந்தபோது மாட்டிய புதுசு.

"என்ன சார் பிரச்சினை? எதனால வரலன்னு சொல்லுங்க," என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. குரலில் அக்கறைதான் இருந்தது.

"அது... அ..." அண்ணனின் தொண்டை ஏறி இறங்கியது. கண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவன் தோளில் மெல்லத் தட்டினார்.

"பரவாயில்ல சார். சிரமப்படுத்திக்காதீங்க. வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க."

அவர் தன் அறைக்குப் போய்விட்டார். அண்ணன் அவர் போனதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஸ்விட்சில் அவன் கேபிளுக்கு நேராக ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அப்போதுதான் பச்சையாக மாறியது.

"ம்," என்றான்.

அந்தப் புதுப் பெட்டி, வருகிற கேபிளை நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. இன்ஸ்டாலருக்கோ அதுவரை பொறுமை இல்லை; அது தேடும் ஒவ்வொரு தடவையும் சோதனை முதலிலிருந்து தொடங்குகிறது. அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இடது கையால் மெனுவில் பின்னுக்குப் போய், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று கேட்கும் கட்டத்தைத் தேடிப் பிடித்தான். அதில் மூன்று என்று இருந்தது. அழித்துவிட்டு அறுபது என்று அடித்தான். அப்படி ஒரு கட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆரஞ்சு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு பச்சை. இணைப்பு கிடைத்து ஃபைல்கள் இறங்க ஆரம்பித்தன.

நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் யாரிடமோ பேசி முடித்துப் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், வந்துடுச்சு. அண்ணன்தான் சரி பண்ணான். வந்து பாருங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பட்டாசு, நான் இங்க வந்து உக்காரல, அதுக்குள்ள ஓடுதுன்னா, யாரு பண்ணியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா நான் தொடல சார்."

"உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான்மா செஞ்சிருப்பேன். உன் மேல கோவமில்ல."

"இன்னொரு தடவ செய்யச் சொல்லிப் பாருங்க சார்."

"வேண்டாம்மா. அவரப் பாக்கவே கஷ்டமா இருக்கு. ஹெட் ஆபீசுக்கும் சொல்லிட்டேன்."

எனக்குத் தெரியவே தெரியாத ஒன்றை நான் செய்தேன் என்கிறார். என் வேகம் ஆபீசுக்கே தெரிந்தது. அதுவே என் அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கைப்பிடிகளிலும் கைகளை வைத்திருந்தான். வலது கையை இடது கையால் தூக்கித்தான் வைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

"வந்து... டுச்சு," என்றான். பிறகு, "சார்... எ..."

என்ன கேட்க வருகிறான் என்று தெரியும். வழக்கம்போல் நானே முடித்திருப்பேன். அன்று முடிக்கவில்லை.

"என்ன... சொன்னாரு?"

"அது..." என்றேன். மேலே வார்த்தை வரவில்லை.

அண்ணன் என்னை அவசரப்படுத்தவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தான்.