தலைக்கு உயரமாக

"தலையைத் தாங்கிப் புடிங்க" என்று குளிர்பெட்டிக்காரர் சொல்ல, நான்கு பேர் வீரய்யாவைத் தூக்கிப் பெட்டிக்குள் தட்டையாகக் கிடத்தினார்கள். மகள் அருணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா இப்படிப் படுத்து ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். படுத்தால் மூச்சு வாங்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார்.

பம்புசெட் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன் எக்கோ எடுத்தார்கள். மயக்க மருந்து டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "இதயம் நல்லா சுருங்குது. விரிஞ்சு ரத்தத்தை வாங்குறதுலதான் இறுக்கம் தெரியுது. தட்டையா படுத்தா மூச்சு வாங்குமா?"

அப்பா மகளைப் பார்த்தார். ஆமாம் என்றால் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்தே, டாக்டர் எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அருணாவுக்கோ அதைவிட, உடம்பும் மனசும் அலுத்துப்போயிருந்தன. கழுவித் துடைத்து, வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தது போதாதா? திருச்சியில் வேறு போய்க் கிடக்க வேண்டுமா?

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்றாள். அப்பாவும் தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பொழுது விடியுமுன் போய்விட்டார்.

பெட்டி வருமுன்பே சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கியிருந்த தம்பி செம்மல், அழுது ஓய்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எக்கோ நல்லாருக்குன்னுதானக்கா போன்ல சொன்ன?"

"நல்லா சுருங்குதுன்னுதான்டா டாக்டர் சொன்னாங்க."

பொய்யில்லை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. இவன் மேற்கொண்டு கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து பெட்டியருகே போனாள்.

"இப்புடித் தட்டையாப் போட்டுருக்கீகளேப்பா. அவுகளுக்கு மூச்சு முட்டுமே. தலைக்கு ஒசரமா எதையாச்சும் வைங்கப்பா."

செம்மல் திரும்பினான்.

"அப்பாவுக்குப் படுத்தா மூச்சு முட்டுமா? டாக்டர்கிட்ட சொன்னியாக்கா?"

அருணா உள்ளே போய் ஒரு தலையணையோடு வந்தாள். செம்மல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான். அவள் தலையணையை அடியில் நுழைத்தாள்.

பெட்டிக்காரர் கண்ணாடி மூடியை இறக்கிப் பார்த்தார்.

"மூடி சேரலைங்க. தலகாணிய எடுத்துருங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை.