முப்பத்தெட்டு நன்றிகள்

நீங்கள் மனிதர்தானா என்று கேட்டுவிட்டு, ஒன்பது கட்டங்களில் மங்கலான படங்களைக் காட்டி, மோட்டார் சைக்கிள் எதிலெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் அந்தப் புதிரைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாளெல்லாம் ஏமாற்றிப் பிழைப்பது இயந்திரம், பரீட்சை எழுதுவது மட்டும் நாமா? பத்து வருடமாக இணையத்தளங்கள் கட்டித் தருகிறேன். யாருக்கும் அந்தப் படப் புதிரை நான் வைத்துக் கொடுத்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் பெயர் டொரத்தி. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். ஆட்கள் மொத்தமே இரண்டு பேர். நான் ஒருத்தி, தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த இர்ஃபான் ஒருவன்.

லோகேஸ்வரி எங்களைத் தேடி வந்தபோது பாதி அழுகையில் இருந்தார். கிள்ளானில் அவர் நடத்தும் கண் அறவாரியம் வருடத்தில் இரண்டு முகாம் போட்டு, முகாமுக்கு நூற்றைம்பது பேர் என்று இலவசமாகக் கண்புரை அறுவை சிகிச்சை செய்கிறது. இணையத்தில்தான் பதிய வேண்டும். முந்தைய வருடம் மூன்று நாளில் ஆறாயிரம் விண்ணப்பம் வந்ததாம். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் கொட்டிய குப்பை. முடி வளர மருந்து, சூதாட்ட விளம்பரம், இன்னும் வாயால் சொல்ல முடியாதவை. அதைத் தடுக்க யாரோ ஒரு புண்ணியவான் படப் புதிரை வைத்திருக்கிறான். அதன்பிறகு நோயாளிகள் ஒவ்வொருவராக போன் போட்டு, படமே தெரியவில்லையே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்புரை உள்ளவர்களிடம் மங்கலான படம். இதைவிடக் கூத்து வேறென்ன வேண்டும்?

என்னிடம் விடுங்கள் என்றேன். என் வழி எளிது. மனிதரிடம் எதையும் கேட்கக்கூடாது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மனிதர் தயங்குவார், தப்பாக அடித்து அழிப்பார், மவுஸை அங்கும் இங்கும் அலையவிடுவார், கைப்பேசி என்றால் விரலால் தடவுவார். பாட் நிரலுக்கு இதெல்லாம் கிடையாது. வரும், சில விநாடிகளில் நிரப்பும், போகும், அதே இணைப்பிலிருந்து மறுபடி வரும். இவற்றை எல்லாம் அளந்து மதிப்பெண் போட ஓர் அமைப்பை எழுதினேன். பாட் என்று தெரிந்தால் விண்ணப்பம் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ஆனால் திரையில் மட்டும் வழக்கம்போல, 'நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது' என்று வரும். பிடிபட்டது அதற்குத் தெரியக்கூடாது அல்லவா?

இர்ஃபானுக்கு அந்த ஒன்று மட்டும் உறுத்தியது.

"அக்கா, தப்பா ஒரு ஆளப் புடிச்சுட்டோம்னா, அவருக்குத் தெரியவே தெரியாதே?"

திருடனுக்குப் பூட்டைக் காட்டிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். பெர்மிட்டில் இருப்பவன் முதலாளியிடம் ஓரளவுக்கு மேல் வாதாட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடைத்தேன்.

சோதனைக்கு என் அப்பா கிரிகரியை உட்காரவைத்தேன். எழுபத்தொரு வயது, ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றை விரலால் பதினொரு நிமிடம் தட்டிப் பதிவுப் பாரத்தை நிரப்பினார். மனிதர் என்று அமைப்பு உடனே ஒப்புக்கொண்டது. முடித்ததும் அப்பா, "அடுத்த ஆளோடது எங்க போடணும்?" என்று கேட்டார். ஓர் ஆளுக்கு ஒரு பாரம்தான்ப்பா என்று சிரித்துக்கொண்டே மடிக்கணினியை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு திறந்தது. புதன் மதியத்துக்குள் நூற்றைம்பது இடமும் நிரம்பிவிட்டன. தொட்டியில் நாலாயிரத்துக்கு மேல் குப்பை. லோகேஸ்வரி என்னைப் புகழ்ந்து அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். அன்றைக்கு இர்ஃபானுக்கும் எனக்கும் வாழையிலைச் சாப்பாடு, ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு.

வியாழக்கிழமை, பதிவுப் பக்கத்தின் அடியில் இருந்த எங்கள் எண்ணைப் பார்த்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கும் வள்ளியம்மாள் பேசினார். தோட்டத்திலிருந்து முப்பத்தெட்டு பேர் வருகிறார்கள், பஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும், எத்தனை மணிக்குக் கிள்ளானில் இருக்க வேண்டும் என்று கேட்டார். வீரப்பன் என்பவருக்கு மட்டும் முதல் நாளே பார்த்துவிட முடியுமா என்றும் கேட்டார். லோரி ஓட்டுகிறவராம். அடுத்த மாதக் கடைசியில் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை, தேறாவிட்டால் வேலை போய்விடுமாம்.

பட்டியலில் தேடினேன். பந்திங்கிலிருந்து ஒருவர்கூட இல்லை. ஏதாவது போலித் தளத்தில் பதிந்திருப்பீர்கள், இப்போது அதெல்லாம் நிறைய நடக்கிறது என்று சொன்னேன். என் குரலில் கொஞ்சம் சலிப்பும் இருந்திருக்கும். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஒவ்வொண்ணுக்கும் நன்றின்னு வந்துச்சும்மா. முப்பத்தெட்டு தடவ. பேப்பர்ல டிக் போட்டு வெச்சிருக்கேன்லா."

இர்ஃபான் குப்பைத் தொட்டியைத் திறந்தான். முடி மருந்துக்கும் சூதாட்டத்துக்கும் நடுவில் முப்பத்தெட்டு பெயர்கள் வரிசையாகக் கிடந்தன. முதல் பெயர் வீரப்பன், திங்கள் காலை ஒன்பது மூன்றுக்கு. கடைசிப் பெயர் ஒன்பது பதினேழுக்கு. ஒரு பாரத்துக்குச் சராசரி இருபத்திரண்டு விநாடி. எல்லாம் ஒரே இணைப்பு. மவுஸ் ஒரு தடவைகூட அசையவில்லை, ஓர் எழுத்துகூட அழிக்கப்படவில்லை. தொண்ணூற்றாறு விழுக்காடு இயந்திரம் என்று என் அமைப்பு மதிப்பெண் போட்டிருந்தது.

அப்போதும் நான் அமைப்பின் பக்கம்தான் நின்றேன். எந்த மனிதரும் இவ்வளவு சுத்தமாக அடிக்க மாட்டார், யாரோ தோட்டத்து ஆட்களின் ஐசி அடையாள அட்டை எண்களைத் திருடி நிரலை ஏவியிருக்கிறார்கள் என்றேன்.

"அப்போ இப்ப போன் பண்ணுனது யாருக்கா?" என்றான் இர்ஃபான்.

மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு பந்திங் போனேன். இந்த முப்பத்தெட்டையும் உள்ளே எடுத்தால் வேறு முப்பத்தெட்டு பேரை வெளியே அனுப்ப வேண்டும். என் கண்ணால் பார்க்காமல் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தப்பு செய்தது நானில்லை என்று நிரூபணமாகிவிட்டால் நல்லது என்ற நப்பாசையும் இருந்தது, மறைப்பானேன்.

தோட்டத்து அலுவலகம் சின்ன அறை. வள்ளியம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயதிருக்கும். கனத்த கண்ணாடி போட்டிருந்தார். சம்பளக் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று என்னை அரை மணி நேரம் உட்காரவைத்தார். அந்த அரை மணியில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் மகனின் பள்ளி உதவிப் பாரத்தை வைத்தார், ஒருவர் சேமநிதிக் கடிதத்தை வைத்தார், ஓர் அம்மா ஐசியை மட்டும் மேசையில் வைத்தார். யாரும் எதையும் விளக்கவில்லை. கிராணியம்மா பார்த்துக்கொள்வார் என்பதுபோல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருபது வீடு. இருபது வீட்டுப் பாரமும் அப்பாவிடம்தான் வரும். பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவு, பென்ஷன், எதுவாக இருந்தாலும் சனிக்கிழமை மாலையில் அப்பா உட்கார்ந்து வரிசையாக நிரப்புவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மை ஒற்றியிருக்கிறேன். ஓர் ஆளுக்கு ஒரு பாரம், ஆனால் எல்லாப் பாரத்துக்கும் ஒரே கை. அதிலேயே வளர்ந்துவிட்டு, ஒரே கையிலிருந்து நிறைய வந்தால் அது இயந்திரம் என்று எழுதிவைத்திருக்கிறேன். அப்பா நேராகவே கேட்டார், அடுத்த ஆளுடையதை எங்கே போடுவதென்று. எனக்குக் காது இருந்தும் பிரயோசனமில்லை.

வள்ளியம்மாள் வந்ததும், சோதனைக்காகப் பதிவைக் கொஞ்ச நேரம் திறக்கச் சொல்லி இர்ஃபானுக்குச் செய்தி அனுப்பினேன். இன்னும் ஒரு பாரம் நிரப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். யாருடையது என்றார். உங்களுடையதையே போடுங்கள் என்றேன். அவர் லேசாகச் சிரித்தார்.

"எல்லாரோடதும் போட்டுட்டு கடைசியா போட்டுக்கலாம்னு இருந்தேன்மா. அன்னிக்கின்னு பாத்து மேனேஜர் கூப்ட்டுட்டாரு. அப்பறம் வேல. புதன்கெழம பாத்தா ஃபுல்லாயிருச்சு."

அப்போதுதான் அவர் கண்களைச் சரியாகப் பார்த்தேன். இடது கண்ணில் பாலாடைபோல் புரை விழுந்திருந்தது. திரை இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை, எத்தனை கட்டம், எதற்குப் பின் எது என்று முதலிலேயே ஒரு தடவை எண்ணி மனதில் வைத்துக்கொள்வேன், அப்புறம் திரையைப் பார்க்கத் தேவையில்லை என்றார். முப்பது வருடம் தட்டிய விரல்கள். பெயர், டேப், ஐசி, டேப், போன், டேப். மேசையில் மவுஸே இல்லை. கெட்டுப்போய் இரண்டு வருடம், சொல்லிச் சொல்லிப் பார்த்தும் வாங்கித் தரவில்லையாம். பத்தொன்பது விநாடியில் முடித்துவிட்டார்.

திரையில் வந்தது. 'நன்றி, உங்கள் பதிவு கிடைத்தது.' வள்ளியம்மாள் மூக்கு இடிக்கும் தூரத்துக்குக் குனிந்து அதைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. பெயர்ப் பட்டியலை எடுத்து, அடியில் தன் பெயரை எழுதி, டிக் போடப் பென்சிலை வைத்தார். என் கைப்பேசியில் இர்ஃபானின் செய்தி வந்து விழுந்தது. 'அக்கா, தொட்டிக்குப் போயிருச்சு.'

தாளின்மேல் கையை வைத்து மறைத்தேன்.

"டிக் போடாதீங்கக்கா. அது பொய். அந்த நன்றிய எழுதுனதே நான்தான்."

அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"அப்போ வீரப்பனோடதும் போகலியா?"

அவர் எதிரிலேயே லோகேஸ்வரியைக் கூப்பிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். நூற்றைம்பது பேருக்கும் உறுதி செய்து செய்தி போய்விட்டது, இப்போது யாரிடம் போய் இடம் இல்லை என்று சொல்வது என்று கத்தினார். நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். ஒன்பது மூன்றுக்கு வந்தவர் ஒன்பது மூன்றுக்கு வந்தவர்தான். கடைசியாகப் பதிந்த முப்பத்தெட்டு பேரைச் செப்டம்பரில் நடக்கும் அடுத்த முகாமுக்கு மாற்றுவது, ஒவ்வொருவரிடமும் நானே பேசி மன்னிப்புக் கேட்பது என்று முடிவானது. வள்ளியம்மாளின் பெயரையும் செப்டம்பர் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். அவரை இந்த முகாமிலேயே எடுத்துவிடலாமா என்று எனக்கு ஆசைதான். கேட்டுப் பார்த்தேன். வரிசையில் வந்தால் போதும் என்று அவர் முடித்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பி அன்று மதியமே கூப்பிட ஆரம்பித்தேன். முதல் ஆள், நான் பெயரைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். இரண்டாவது ஆள், இந்த மாதிரி ஸ்கேம் நிறையப் பார்த்தாச்சு என்று வைத்தார். நாலாவதாக எடுத்த ஓர் அங்கிள், நீ ஆளா ரெக்கார்டிங்கா என்று கேட்டார். ஆள்தான் அங்கிள் என்றேன். நம்பவில்லை. இருமிக் காட்டினேன், அப்புறம்தான் பேசினார். இர்ஃபான் மேசைக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேர் மிகவும் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். சனிக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தெட்டு பேரிடமும் பேசி முடித்தேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் பொய் நன்றி கிடையாது. அமைப்புக்குச் சந்தேகம் வந்தால், 'எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லும். அது என் கைப்பேசி எண். 'அடுத்த நபரைப் பதிய' என்று பெரிய எழுத்தில் ஒரு பொத்தானும் வைத்தோம். அதற்கு அப்பாவிடம்தான் முதல் சோதனை. பூட்டு எங்கே என்று பாட் நிரலுக்குத் தெரிந்துவிடுமே என்று இர்ஃபான் என் வசனத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்தான். தெரியட்டும் என்றேன். இன்றுவரை எந்த பாட் நிரலும் எனக்குப் போன் போட்டு விசாரிக்கவில்லை.

முகாமின் முதல் நாள் காலை கிள்ளானில் வாசலிலேயே நின்றேன். எட்டு மணிக்குப் பந்திங் பஸ் வந்தது. முதலில் இறங்கியது வள்ளியம்மாள், கையில் அதே தாள். பழைய டிக்குகளை எல்லாம் ரப்பரால் அழித்திருந்தார். அழித்த தடம் அப்படியே தெரிந்தது. பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்போ போடலாமாம்மா?"

"போடுங்கக்கா."

வீரப்பன் படியைக் காலால் தடவிக்கொண்டு இறங்கினார். வள்ளியம்மாள் தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து முதல் டிக்கைப் போட்டார். ஒவ்வொருவராக இறங்க இறங்க, முப்பத்தெட்டு டிக். கடைசி வரியில் அவர் பெயருக்கு நேரே இடம் காலியாக இருந்தது. தாளை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். செப்டம்பரில் அந்த டிக்கை நான் போடப் போகிறேன்.