நிற்கிற வண்டிக்கு ஒரு டிரைவர்

காலை ஒன்பது மணிக்கு டிரைவர் காரில் ஏறி உட்கார்ந்து, முன்கண்ணாடியைத் துடைத்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அதோடு அன்றைய வேலை முடிந்தது. இனி மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தால் போதும். நிற்கிற வண்டிக்கு பெல்ட் எதற்கு என்று யாராவது கேட்டால், பழக்கதோஷம் என்பார். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். எட்டு மாதமாக ஓட்டவில்லை.

வாடகைக் கார் கம்பெனிக்கு ஊரில் ஐந்து இடங்கள் இருந்தன. ஐந்திலும் வழக்கு இருந்தது. முதலாளிக்கு இடம் வாங்குவதைவிட அதற்காகக் கோர்ட் படி ஏறுவதில்தான் ருசி என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். இந்த மூலை இடத்தில் ஒரே ஒரு கார்தான் நிற்கும். அதையும் பக்கத்து டைல்ஸ் கடைக்காரர் தன்னுடையது என்றார். பத்திரம் இரண்டு பேரிடமும் இருந்தது. கம்பெனி வக்கீல்தான் யோசனை சொன்னார்: "பத்திரத்த விடுங்க. இடம் யார் சுவாதீனத்துல இருக்குன்னுதான் கோர்ட் பாக்கும். ஒரு வண்டிய நிறுத்துங்க. சும்மா நிறுத்தினா கைவிட்ட வண்டின்னு சொல்லிடுவாங்க, அதனால உள்ள ஒரு டிரைவர் இருக்கணும்." கம்பெனியிலேயே பொறுமைசாலி என்று பெயர் எடுத்ததற்கு இவருக்குக் கிடைத்த பரிசு அது. டைல்ஸ் கடை வாசலில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பெட்டிகள் எப்போதும் தயாராக நின்றன. கார் நகர்ந்தால் மறுநிமிடம் அவை இங்கே இறங்கிவிடும். அப்புறம் அவற்றை அசைக்க இன்னொரு வழக்குப் போட வேண்டும்.

இதை வீட்டில் சொல்ல முடியுமா? மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை, ரயில் ஓட்டுகிறவர். பதினெட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற மனிதர் முன்னால், நான் காரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எந்த மானஸ்தன் சொல்வான்? அதனால் தினமும் சாப்பிடும்போது ஒரு சவாரி சொன்னார். விமானத்தைப் பிடிக்கப் பறந்தது, வழி தவறிய கிழவரை வீடு சேர்த்தது, நேற்று பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு, உள்ளதைச் சொன்னால், மறுநாள் சவாரியை யோசிப்பதில்தான் அவருக்குப் பகல் போயிற்று. மனைவி எல்லாவற்றையும் நம்பினாள். தங்கைக்குப் போன் போட்டு ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள்.

அன்று கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்தார். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டிய இளம் வக்கீல். டேப் பிடித்து அளந்தார், படம் எடுத்தார், காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"இது ஓடுற வண்டியா?"

"ஓடாம என்ன சார்," என்றார் டிரைவர். தினமும் பத்து நிமிடம் இஞ்சினை உறுமவிட்டு உயிரோடு வைத்திருந்தார்.

"ஓடிப் பாத்ததா இந்தத் தெருவுல ஒருத்தரச் சொல்லச் சொல்லுங்க சார்," என்றார் டைல்ஸ் கடைக்காரர். எட்டு மாதக் கதையையும் விலாவாரியாக எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து நின்றாள். துவைக்க எடுத்த சட்டையில் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. மனுஷன் லைசென்ஸ் இல்லாமல் ஊரெல்லாம் ஓட்டுகிறாரே, போலீஸ் பிடித்தால் என்ன ஆவது என்று பதறிக் கம்பெனிக்கு ஓடியிருக்கிறாள். "அவர் எங்க போயிடப்போறாரு? மூலையிலதான் இருப்பாரு" என்று அங்கே வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டைல்ஸ் கடைக்காரர் சொன்னதை அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். தப்பித்து ஓடலாமென்றால் டிரைவருக்கு வண்டியை நகர்த்த அனுமதி இல்லை.

"நேத்து ஆஸ்பத்திரியில சேத்தீங்களே, அந்தப் பொண்ணுக்கு என்ன கொழந்த பொறந்துச்சு?"

அவர் காலையில் துடைத்த முன்கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"ரெட்டைன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

கமிஷனர் கிளம்பினார். அவருடைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்தார், சாய்த்தார், திட்டினார். இரண்டு மணிக்கு வேறொரு வழக்குக்காக நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். விறுவிறுவென்று வந்து காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். "கோர்ட்டுக்கு விடுங்க. ஓடுற வண்டின்னு நீங்கதானே சொன்னீங்க?"

இருதலைக்கொள்ளி எறும்பானார் டிரைவர். எடுத்தால் இடம் போய்விடும். எடுக்காவிட்டால் கைவிட்ட வண்டி என்று அறிக்கையில் ஏறிவிடும். மேனேஜரோ போனை எடுக்கவில்லை. டைல்ஸ் கடைக்காரர் தள்ளுவண்டியில் கையை வைத்துக்கொண்டு, "நிதானமாப் போயிட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்ல," என்றார்.

"எடுங்க," என்றாள் மனைவி.

"எடுத்தா இடம் போயிடும்மா."

"இடத்துல நான் உக்காந்துக்கறேன். நீங்க வண்டி ஓட்டறத நான் கண்ணால பாக்கணும்."

கார் முனகிக்கொண்டு புறப்பட்டது. அவசரத்தில் லைசென்ஸ் அவள் கையிலேயே தங்கிவிட்டது. முதல் சிக்னல்வரை கை கியரைத் தேடியது, இரண்டாவதில் கைக்கே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆளில்லாத திருப்பத்தில்கூட ஹாரன் அடித்தார். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்," என்று பின்னாலிருந்து கெஞ்சல் கேட்டது. அவர் முப்பதைத் தாண்டவில்லை. சீக்கிரம் போனால் சீக்கிரம் முடிந்துவிடுமே. சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது ஒரே ஒரு டைல்ஸ் பெட்டி இடத்தில் இறங்கியிருந்தது. அதன்மேல் மனைவி உட்கார்ந்திருந்தாள். "அக்கா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க," என்று டைல்ஸ் கடைக்காரர் டிரைவரிடமே முறையிட்டார். "அடுத்த பெட்டிய வைக்கவும் விடல, இத எடுக்கவும் விடல."

டிரைவர் ரிவர்ஸ் போட்டார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்க போனீங்க?"

"கோர்ட்டுக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நேரா வந்துட்டேன்."

"வழியில யாருக்கும் வலி எடுக்கலயா?"

"இல்ல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு லைசென்ஸை ஜன்னல் வழியாக நீட்டினாள். "அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு. இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. மத்தத வீட்டுல பேசிக்கறேன்."

வக்கீல் என்ன சொல்வார், முதலாளி என்ன செய்வார் என்றெல்லாம் அவர் கேட்க வாயெடுத்தார். அவளோ பெட்டியின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கியரை மாற்றினார். தெருமுனை வந்தது. எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வதற்குள் கை இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது.