கழலாத சாக்கெட்

வேனின் டிரைவர் சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் பச்சமுத்து வலது கையை முழங்கைவரை விட்டிருந்தான். டைனமோவைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் அதன் பின்பக்கம் செருகியிருக்கும் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்க வேண்டும். கண்ணால் பார்க்க வழியில்லை. சாக்கெட்டின் பூட்டைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து, அமுக்கிப் பிடித்தபடி இழுக்க வேண்டும். பத்து நிமிஷமாக அந்தச் சனியன் அசையவில்லை.

அசையாததற்குக் காரணமானவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். வேன்காரர் தாண்டவராயன் மாதாமாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் சவாரி ஏற்றும் முன்னால், திருஷ்டி கழியட்டும் என்று சீட்டைத் தூக்கி இஞ்சின் தலையிலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றி ஊற்றி உள்ளே பச்சைக் களிம்பு பூத்து, சாக்கெட் கல்லாக இறுகிவிட்டது. இன்றைக்கும் அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர் பட்டறை முதலாளி அரங்கநாதனை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

வண்டி சூட்டோடு வந்திருந்தது. டைனமோவை ஒட்டிப் போகும் சைலன்சர் குழாய் கொஞ்சம் ஆறட்டும் என்று பச்சமுத்து ஆரம்பத்திலேயே சொன்னான். அதையெல்லாம் பார்த்தால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி.

அவன் பயம் சூட்டைப் பற்றியதல்ல. சர்க்கரை வந்து, இரண்டு வருடமாக விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. எது பூட்டு, எது ஒயர் என்று தடவினால் தெரிவதில்லை. காலையில் சட்டைப் பொத்தானைக்கூட மனைவி ரத்தினம்மாள்தான் போட்டுவிட்டாள். அவளைத் தவிர யாருக்கும் இது தெரியாது. பட்டறையில் தெரியவே கூடாது. கூட வேலை பார்த்து, கண் மங்கிப்போன இளையபெருமாளுக்குப் போன ஆயுதபூஜையில் வேட்டி துண்டு கொடுத்து, பொட்டும் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றவர் அரங்கநாதன். இருபத்தாறு வருடம் ஒயர் பிடித்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

"இன்னாய்யா, உள்ள புள்ள பெத்துக்கினு இருக்கியா?" என்றார் அரங்கநாதன்.

ஆத்திரத்தில் பச்சமுத்துவுக்குக் கண் கலங்கியது. ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் எத்தனை சாக்கெட் கழற்றியவன்! தோளை இன்னும் இறக்கி, சுண்டுவிரலை எதிலோ முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். டக்கென்று சத்தம் வந்தது. பூட்டு விட்டதை அவன் காதால்தான் அறிந்தான்.

"வந்துடுச்சி மொதலாளி."

தாண்டவராயன் மூக்கைச் சுளித்தார். "இன்னா நாத்தம் இது? ஒயரு எரியுதா?"

பச்சமுத்துவும் குனிந்து எரியும் ஒயரைத் தேடினான். ஒன்றும் தென்படாமல், கையை மெல்ல வெளியே எடுத்தான். சுண்டுவிரல் நுனியில் தோல் வெந்து, சைலன்சர் குழாயின் துருவோடு வெள்ளையாக உரிந்து தொங்கியது.

அரங்கநாதன் விரலைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குச் சுடலியா?"

"சுட்டுது மொதலாளி. ரொம்ப எரியுது."

அவர் பார்வையை எடுக்கவில்லை. பச்சமுத்து விரலை வாயருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்துக்கொண்டு, உஸ் உஸ்ஸென்று ஊதத் தொடங்கினான்.