உடன் இருந்தவர்

“நாப்பத்தெட்டு கட்டத்துலயும் ஒண்ணு. ஒரு இடத்துல கூட கை தவறி ரெண்டு விழலையாம்மா?”

“விழலை சார். அவங்க சொன்னதைத்தான் போட்டேன்.”

“அவங்க சொன்னதா, நீயா நினைச்சதா?”

திரையைப் பார்த்தேன். நான் கொண்டுவந்து சேர்த்த முப்பத்தொரு குறிப்பேடுகளும் அதில் வரிவரியாக இருந்தன. முப்பது வரிகள் வெள்ளை. ஒன்று மட்டும் சிவப்பு. மேற்பார்வையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சிவப்பு வரியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை எங்களுடையது. ஒரு நாளை அரை மணி அரை மணியாக வெட்டினால் நாற்பத்தெட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்விகள். என்ன செய்தீர்கள்? உடன் இருந்தவர் யார்? சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளியைப் பார்ப்பது என்று கூலியில்லாத வேலைக்குப் பெண்களின் நாளில் எத்தனை பங்கு போகிறது என்பதை முதல் கேள்வி சொல்லிவிடும். நாடு முன்னேறுகிறதா என்று வெளியுலகத்துக்குச் சொல்ல நீளமான குறிகாட்டிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இதுவும் ஒரு வரி. இரண்டாவது கேள்வி சரிபார்ப்பதற்காக. கணவன் என்றால் இரண்டு, பிள்ளைகள் மூன்று, மற்ற உறவுகள் நான்கு, நண்பர் ஐந்து, பிறர் ஆறு. யாருமில்லை என்றால் ஒன்று.

மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைமணி சார். தேநீர் குடிக்கப் போனாலும் “ஒரு கட்டம்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

“அறுபது வீடு இருக்கிற கட்டடம்மா அது. அதுல ஒரு மனுஷி காலையில நாலு மணியில இருந்து மறுநாள் நாலு மணி வரைக்கும் ஒரு முகத்தைக் கூடப் பாக்கலைன்னா கம்ப்யூட்டரே நம்ப மாட்டேங்குது. நான் எப்படி நம்புறது?”

“ஆனா உண்மை சார்.”

“போன மாசம் ஒருத்தன் பூங்கா பெஞ்சுல உட்காந்து பன்னெண்டு வீட்டை எழுதினான். அவனும் உண்மைன்னுதான் சொன்னான்.”

அந்த ஆளின் எல்லாக் குறிப்பேடுகளையும் ரத்து செய்து, பெயரையும் கணக்கெடுப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னுடையதையும் எடுத்துவிட்டால் முப்பத்தொரு வீடுகளும் போகும். நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான். இங்கே என் பெயர் எழுதப்பட்டிருந்த இடம் அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

“இன்னிக்கு திரும்பப் போ,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான். “கூடவே உட்காந்து கண்ணால பாத்து எழுது. நீ பாக்காத நேரத்தைப் பழைய தாள்ல இருந்து எடுத்துக்கலாம். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தோட கொண்டா. அஞ்சுக்கு அட்டவணை தலைமையகம் போயிடும். சிவப்பு வரியோட அனுப்பினா என் தலைதான் உருளும், உன்னுது அதுக்கு முன்னாடியே உருண்டிருக்கும்.”

அந்தப் பெண் மூன்றாவது மாடியில், நடைபாதையின் கடைசி வீட்டில் இருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சட்டைக் கம்பெனிக்குக் காலர் தைத்துக் கொடுக்கிறவர். கதவைத் திறந்தபோது அவர் தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

“நீயா? எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?”

“இல்லக்கா. சரிபாக்கணும். புதன்கிழமை பூரா நீங்க தனியா இருந்தீங்கன்னு எழுதினேன். கம்ப்யூட்டர் நம்ப மாட்டேங்குது.”

அவர் சிரித்தார். “நான் தனியா இருக்கிறதுக்குச் சாட்சி வேணுமாக்கும். சாட்சி வந்து உட்காந்துட்டா அப்புறம் தனியா எங்க இருக்கிறது?”

எனக்கு அது அப்போது வேடிக்கையாகத்தான் பட்டது. மணி ஒன்பதரை. சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து முதல் கட்டத்தைத் திறந்தேன்.

அறையில் ஒரு தையல் இயந்திரம், ஒரு கட்டில், ஜன்னலை மறைத்து அடுக்கிய காலர் மூட்டைகள். திங்களும் சனியும் வேன் வந்து எடுத்துக்கொண்டு, புதியதைப் போட்டுவிட்டுப் போகும். பால் பாக்கெட் கதவில் தொங்கும் பையில் விழுந்துவிடும். மற்ற சாமான்களை ஞாயிறன்று மொத்தமாக வாங்கிவிடுவார். புதன்கிழமை யாரும் வருவதற்குக் காரணமே இல்லை.

அவர் காலரை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு திருப்புவார். திருப்பியதும் மழுங்கிய குச்சி ஒன்றை உள்ளே விட்டு இரண்டு முனைகளையும் கூராக்குவார்.

“முனை குத்துற மாதிரி நிக்கணும். துணியும் கிழியக் கூடாது. பதினோரு வருஷமா இதான். முழுச் சட்டையை நான் தொட்டதே இல்ல. தெருவுல போற ஆம்பளைங்களை நான் முகத்தைப் பாக்கிறதில்ல, கழுத்தைத்தான் பாப்பேன். போன வாரம் ஒருத்தன் முறைச்சிட்டுப் போனான்.”

மேல் வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்காமலே, “பத்து மணி,” என்றார். பார்த்தேன். பத்துதான். “இனிமே பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைக் கனைப்பார். இருமல் இல்ல, சும்மா ஒரு கனைப்பு. அவருக்கே அவர் இருக்காரான்னு ஒரு சந்தேகம்போல.”

கனைப்பு கேட்டது. இருவரும் சிரித்தோம்.

“ஏம்மா, சுவருக்கும் காது உண்டுன்னு சொல்றாங்களே. உங்க கணக்குல சுவருக்கு என்ன நம்பர்?”

பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ‘உடன் இருந்தவர் என்பவர் பேசினால் கேட்கும் தூரத்தில் இருப்பவர்’ என்று போட்டிருந்தது. கனைப்புக்காரர் பேசினால் தாராளமாகக் கேட்கும். அதை அக்காவிடம் சொன்னேன்.

“அப்போ புதன்கிழமை பூரா நான் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன்னு சொல்லு. அவர் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என் காலரைப் பிடிப்பா.”

எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். இந்த ஊரில் அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பயிற்சி வகுப்பில் முதல் நாள், எங்கள் ஒவ்வொருவரையும் முந்தைய நாளை நினைவுகூர்ந்து சொந்தக் குறிப்பேடு நிரப்பச் சொன்னார்கள். வாடகை அறை, மாவட்ட நூலகம், மறுபடியும் வாடகை அறை. வரிசையாக ஒன்று ஒன்று ஒன்று என்று எழுதிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்ப்பது போலத் தோன்றியதும், சாப்பாட்டு நேரத்துக்கான இரண்டு கட்டங்களை அடித்து ஐந்து என்று மாற்றிவிட்டேன். ஐந்து என்றால் நண்பர். அரைமணி சார் அந்தத் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, “இயல்பான நாள்னா இப்படித்தான் இருக்கும்,” என்று பாராட்டினார். நான் பொய்யாக நிரப்பிய குறிப்பேடு அது ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு மேல் அவர் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தது. இதே வீட்டில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள், இவர் என்று ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். தம்பி மனைவி வேலைக்குப் போவாள். பெண்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் இவர்தான். பெரியவளுக்கு மூச்சிரைப்பு, இரவெல்லாம் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பிக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தது.

“என்னையும் கூப்பிட்டாங்க. கூப்பிடலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்க எடுத்தது ரெண்டு ரூம் வீடு. கூப்பிடும்போதே தம்பி பொண்டாட்டி கண்ணால சுவத்தை அளந்துட்டு இருந்தா, இடம் பத்தாதுங்கிற மாதிரி.” குச்சியை ஒரு முனைக்குள் அழுத்தினார். “மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தியானா உன் கட்டம் பத்தியிருக்காது. அரை மணிக்குள்ள நாலு வேலை செய்வேன். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கல.”

அந்த வருடங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை. இப்போது அவருடைய நாளில் பிறரைப் பார்த்துக்கொள்ளும் நேரம் சுழியம். சராசரியில் அது முன்னேற்றமாகத்தான் தெரியும்.

பன்னிரண்டரைக்கு அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். புதன்கிழமைத் தாளில் அந்த நேரத்துக்கு ‘காலையில் செய்ததைச் சாப்பிட்டேன், கால் மணி’ என்று இருந்தது. இன்று புதிதாகச் சோறு வைத்து, ஒரு காயை நறுக்கினார்.

“எனக்காக வேணாம்க்கா. நான் இருக்கிறதால நீங்க எதையும் மாத்தக் கூடாது. அதான் விதி.”

“விதியா? வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போட்டுட்டு நான் மட்டும் சாப்பிடணும்னு எந்த மகராசன் எழுதினான்? அவனையும் கூட்டிட்டு வா.”

அவர் சமைத்துக்கொண்டிருந்தபோது நடைபாதைக்குப் போய் அரைமணி சாருக்கு ஃபோன் செய்தேன்.

“சார், ஒன்பதரையில இருந்து அவங்க தனியா இல்ல. நான் கூட இருக்கேன்.”

“அப்போ ஆறு போடு. பிறர். ரொம்ப நல்லது, சிவப்பு போயிடும்.”

“ஆனா நான் வந்ததாலதான் சார் ஆறு. புதன்கிழமைதான் அவங்க நிஜமான நாள். இன்னிக்கு வேலையைப் போட்டுட்டுப் பேசிட்டு இருக்காங்க, எனக்குச் சமைக்கிறாங்க.”

“அதுக்கு விருந்தோம்பல்னு ஒரு எண் இருக்கு பாரு. கையேடு, பக்கம் பதினேழு.” பிறகு அவர் குரல் இறங்கியது. “இங்க பாரும்மா. நீ பொய் எழுதலைன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுலயும் நாள் அப்படித்தான் போகுது. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? கையெழுத்து வாங்கிட்டு வா.”

அவர் வைத்த பிறகும் ஃபோனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். நீளமான நடைபாதை. இருபுறமும் மூடிய கதவுகள், ஒவ்வொன்றிலும் தொங்கும் ஒரு பால் பை.

சாப்பிட்டபோது அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். பசியில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டேன். இரண்டு மணிக்கு மேல் எனக்கும் ஒரு குச்சியைக் கொடுத்து, முனை கூராக்கச் சொன்னார். செய்யக் கூடாதுதான். ஏழு காலர் செய்தேன். ஏழில் இரண்டை அவர் எனக்குத் தெரியாமல் மறுபடியும் கூராக்கியதைப் பார்த்தேன்.

மூன்றரைக்குத் தாளை முடித்தேன். அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். நாலு மணிக்குள் கிளம்பினால்தான் ஆகும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், மூட்டைகளுக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைய எண்ணினார்.

“பன்னெண்டு ஆறு இருக்கு.”

“ஆமாக்கா. ஆறு மணி நேரம்.”

“எல்லாம் நீதான்.”

“நான்தான்.”

ஒரு விரல் அந்தப் பன்னிரண்டு கட்டங்களின் மேல் மெதுவாகப் போய் வந்தது.

“இது சரியா இருந்தா என்ன ஆகும்?”

“வெள்ளையாயிடும். அதோட முடிஞ்சது. திங்கட்கிழமை எங்களுக்கு வேற ஊர். ரயில்ல ஆறு மணி நேரம்.”

“அங்கயும் இப்படித்தானா, வீடு வீடா?”

“அங்கயும் இப்படித்தான்.”

அவர் தலையாட்டினார். பேனாவைக் கையில் எடுத்தார், மூடியைக் கழற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கனைத்தார். இந்தத் தடவை இருவரும் சிரிக்கவில்லை.

“தப்பா இருந்தா?”

“திரும்ப வந்து எடுக்கச் சொல்வாங்க.”

இன்று காலை அலுவலகத்தில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. பூங்கா பெஞ்சுக்காரனைப் பற்றிச் சொல்லவில்லை. இன்னொரு தடவை சிவப்பு விழுந்தால் என்னை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள் என்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நம்பவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தாளில் ஏதோ பிசகினால் ஒருத்தி வந்து முக்காலியில் உட்காருவாள் என்பதுதான்.

பேனாவையும் தாளையும் சேர்த்து என் மடியில் வைத்தார். தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு காலரை எடுத்து விரல்களுக்கு நடுவே மடக்கி மடக்கி விரித்தார். என் முகத்தைப் பார்க்காமல், கழுத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நான் கையெழுத்துப் போட்டுர்றேன்மா, அது ஒண்ணுமில்ல. நீ ஒரே ஒரு கட்டத்தை மட்டும் தப்பாப் போட்டு வையேன்.”